மோகனசுந்தரம் போட்டுக்கொண்ட பூட்டு

எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஒரு காலத்தில் "பூட்டு போட்டவர்" என்றால் எல்லோருக்கும் புரியும். வலது காதுக்குப் பின்னால் முடி முளைக்காத ஒரு சின்ன வட்டம் இருக்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, "பூட்டு போட்டாச்சுங்களா? நல்லதுங்க, நல்லதுங்க" என்பார். சொல்லிக்கொண்டே தன் இலையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்த்திக்கொள்வார். குடிக்கிறவனோடு ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர், குடியை விட்டவனைப் பார்த்து நகரும். எங்கள் ஊர் நியாயம் அப்படி.

மருத்துவமனையில் அதற்கு நரம்புத் தணிப்பான் என்று பெயர். மூளைக்குள் கடுகளவு கருவி ஒன்று, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அதற்கான பேட்டரி. குடிக்க வேண்டும் என்ற தவிப்பு உள்ளே கிளம்புகிறபோதே அதை அடையாளம் கண்டு அமுக்கிவிடும். அதைத் திறக்கவும் மூடவும் விரல் நீளத்தில் ஒரு சாவி உண்டு. அதை நோயாளியிடம் கொடுக்கமாட்டார்கள், வீட்டு ஆளிடம்தான் கொடுப்பார்கள். என் அம்மா சுகந்தி அதைத் தாலிக்கொடியில் கோத்துப் போட்டுக்கொண்டாள். "தொறப்புக்குச்சிய மாட்டிக்கிட்டயா? இனி மாமன் எங்கயும் ஓட முடியாது" என்று சித்தி கேலி செய்வாள். அம்மாவுக்கு அதில் பெருமைதான்.

என் அப்பா மோகனசுந்தரத்துக்கு அந்தப் பூட்டைப் போட்டபோது எனக்குப் பதினோரு வயது. அதன்மேல் எனக்கிருந்த கோபத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து எழுத எனக்கு வராது. அந்தக் கடுகை நான் பல வருடங்கள் ஒரு ஆளை வெறுப்பது போல வெறுத்தேன்.

அப்பா முட்டை லாரி ஓட்டினார். வண்டியில் சரக்கு இருக்கும்வரை ஒரு சொட்டு தொடமாட்டார். அத்தனை முட்டையும் உடையாமல் கேரளா போய்ச் சேரும். இறக்கிவிட்டு ஊருக்கு வந்த பிறகுதான் வீட்டில் ஒவ்வொன்றாக உடையும்.

குடிக்கக் கிளம்புமுன் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நேராக என்னிடம் வருவார். எண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, இரட்டைச் சடை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். வகிட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். கை லேசாக நடுங்கும்.

"கண்ணு, இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். விடிஞ்சா தொடமாட்டேன். உன் மேல சத்தியம்."

கண் கலங்கிவிடும். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த பிரியத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. பிறகு கையை எடுப்பார். செருப்பை மாட்டுவார். வாசலில் கொட்டியிருந்த ஜல்லியில் சரக் சரக்கென்று செருப்புச் சத்தம் கேட்கும், தெருமுனை வரை நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

குடிக்கிறவர்கள் எல்லோருமே சத்தியம் செய்கிறவர்கள்தான். மற்றவர்கள் குடித்து முடித்து, மறுநாள் காலையில் தலைவலியோடு செய்வார்கள். என் அப்பா முன்கூட்டியே செய்துவிடுவார். நாளைக்கான சத்தியத்தைக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக அவருக்குள் ஒரு கணக்கு.

அம்மாவின் பயம் வேறு மாதிரி. பிள்ளை தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் பொய்த்தால் அது பிள்ளையின் தலையில்தான் விழும் என்று அவள் முழுசாக நம்பினாள். எனக்குக் காய்ச்சல் வந்தால், "எல்லாம் உங்கொப்பன் சத்தியம்" என்பாள். சைக்கிளிலிருந்து விழுந்து என் முன்பல் உடைந்தபோதும் பழி சத்தியத்தின்மேல்தான் போனது. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னால் யார் நம்புவார்கள்?

சேலத்தில் ஒரு அறக்கட்டளை இந்தப் பூட்டை இலவசமாகப் போடுகிறது என்று கேள்விப்பட்டு அம்மா அப்பாவைக் கூட்டிப் போனாள். அவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. விட வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் இருந்தது, விடிந்த பிறகு.

கருவியை வைத்த மறுநாள் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எதைக் கண்டால் இவருக்குத் தவிப்பு வருகிறதோ அதையெல்லாம் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும். அப்போது மூளையில் எழுகிற கோலத்தைக் கருவி மனப்பாடம் செய்துகொள்ளும், பிறகு எப்போது அந்தக் கோலம் எழுந்தாலும் அடித்து அமர்த்திவிடும். அம்மா அப்பாவுடைய கண்ணாடி டம்ளரையும் ஊறுகாய்ப் பொட்டலத்தையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துவந்தாள். அப்பாவின் தலையில் ஒயர்கள் தொங்கும் தொப்பியை மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். டெக்னீஷியன் பெண் டம்ளரை மேஜையில் எடுத்துவைக்கப் போன நேரத்தில் அம்மா குறுக்கே போனாள்.

"சித்த இருங்க அம்மிணி. நல்ல காரியம் ஆரம்பிக்கிறோம். ஒரு சத்தியம் வாங்கிக்கறேன்."

என்னைப் பிடித்து அப்பாவின் முன்னால் நிறுத்தினாள். "மாமா, புள்ள தலையில கைய வெச்சுச் சொல்லுங்க. இதோட தலை முழுகிட்டேன்னு."

அப்பா என் வகிட்டில் கை வைத்தார். "உன் மேல சத்தியம் கண்ணு" என்றார். திரையில் ஒரு கோடு சட்டென்று உச்சிக்கு ஏறியது.

"அடடா, அருமையா வருதுங்க!" என்றாள் டெக்னீஷியன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே. "அப்படியே இருங்க சார், அசையாதீங்க."

கருவியை வைத்த டாக்டர் ரெஹானா அடுத்த அறையில் அந்தக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கண்டுதான் கோடு எழுந்தது என்று எடுத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாக இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததே என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

பூட்டு வேலை செய்தது. அதில் குறை சொல்ல முடியாது. அப்பா சாராயக்கடை வழியாகவே நடந்து போய் மருந்துக்கடையில் அம்மாவுக்குத் தைலம் வாங்கி வந்தார். கூட்டாளிகள் கூப்பிட்டால் நின்று பேசிவிட்டு வந்தார். வீட்டில் எதுவும் உடையவில்லை. அம்மா சமைக்கும்போது பாட ஆரம்பித்தாள். அவளுக்குக் குரல் இருக்கிறதென்றே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனால் அவர் சேலத்திலிருந்து வந்த அன்று நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். கையைத் தூக்கினார். பாதியில் கை நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு கரண்டு போன மாதிரி அணைந்தது.

"சாப்பிட்டயா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற குரல்.

கோபம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். கோபம் எங்கள் வீட்டில் பழகிய சாமான். இது எதுவுமே இல்லாமல் இருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மோட்டார் போட வேண்டும் என்று எழுந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார், கட்டணம் கட்டுவார், பேர் சொல்லிக் கூப்பிடுவார். "தாரணி." கண்ணு என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. அம்மாவிடம் சிரித்தார், தெருநாயிடம் கொஞ்சினார், என்னைக் கண்டால் மட்டும் விளக்கு அணைந்தது. "குடிய விட்ட ஆளுக கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருப்பாங்க புள்ள, வெசனப்படாத" என்றாள் அம்மா. குடிக்கிற அப்பாவே எனக்குப் போதும் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை.

குடியை விட்டால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா பழனிக்கு வேண்டியிருந்தாள். வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது. பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அழுதேன். ஏழாம் வகுப்பில் மொட்டையோடு போய் உட்காரும் கொடுமை ஆண்டவனுக்குப் புரியாது. முடி இறக்கி, சந்தனம் பூசி, வெளியே வந்தேன். மண்டப நிழலில் அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார்.

"அட, யாரு இந்தச் சாமி?" என்று சிரித்தார்.

நேராக வந்து என் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. தடவினார், தட்டினார், கையெல்லாம் சந்தனமாகி அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தடவினார். "கண்ணு, மொட்டையில நீ எங்கம்மா மாதிரியே இருக்கற" என்றார். கண்ணு என்றாரே, அதுதான் எனக்குக் கேட்டது. பழக்கதோஷத்தில் நான் அவர் கால்களைப் பார்த்தேன். செருப்பை அவர் நினைக்கவே இல்லை. சூடான கல்தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

ஊருக்கு வந்த பிறகும் அது நீடித்தது. சாயங்காலமானால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மொட்டைத் தலையில் கையைப் போட்டுக்கொண்டு லாரிக் கதைகள் சொல்வார். என் வாழ்க்கையில் அந்த நாட்களில் மட்டும்தான் அவர் கை என் தலையிலும் செருப்பு வாசலிலும் இருந்தன.

ஒரு மாதம் இருக்கும். முடி பூனைமயிர் போல எழும்ப ஆரம்பித்தது. அவர் கை தயங்க ஆரம்பித்தது. ஒரு நாள் பாதிக் கதையில் முகம் அணைந்தது. மோட்டார் போட எழுந்து போய்விட்டார். நான் குளியலறையில் அவர் ரேசரை எடுத்து நானே வழித்துக்கொண்டேன். ரத்தத்தோடு வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன். பார்த்தார். முகத்தில் விளக்கு எரியவில்லை. அம்மா என்னை விளாசிவிட்டு, காயத்துக்கு மஞ்சள் அப்பி, அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ரெஹானா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க தெருவில பூனை இருக்கா?"

"இருக்குதுங்க" என்றாள் அம்மா, இதை எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

"பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் அது எழுந்து ஓடும் இல்லையா? பால் இன்னும் வரலை, சத்தந்தான் வந்திருக்கு. ஆனா பூனைக்கு அங்கேயே ஆரம்பிச்சிரும். மனுஷ மூளையும் அதுதாங்க. திரும்பத் திரும்ப ஒண்ணு நடந்தா, அந்தத் துடிப்பு பாட்டில்ல நிக்காது. பாட்டில் வரப்போகுதுன்னு எது முதல்ல சொல்லுதோ அதுக்கு நகர்ந்து போயிரும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவார்?"

"ஒண்ணும் பண்ணமாட்டாருங்க. போவாரு, ஊத்திக்கிட்டு வருவாரு."

"அதுக்கு முன்னாடி?"

நான் சொன்னேன். "என் தலையில கை வெப்பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "எப்பவாவதா?"

"எப்பவுமேங்க. வெச்சுட்டு உடனே போயிருவாரு."

"கருவிக்குப் பாடம் எடுத்த அன்னைக்கு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கும் வெக்கச் சொன்னனுங்க. நல்ல காரியமாச்சேன்னு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் டம்ளர்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "அவர் மூளையில குடிக்கு முதல் படி டம்ளர் இல்லீங்க, கடை இல்லீங்க. இந்தக் குழந்தையோட தலை. அதைத்தான் நாங்க பூட்டியிருக்கோம். மொட்டை போட்டப்ப அது வேற தலையா தெரிஞ்சிருக்கு. அதனால பூட்டு சும்மா இருந்திருக்கு. அதே தலைதான்னு மூளை கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆயிருக்கு. கண்டுபிடிச்ச உடனே தவிப்பு கிளம்பியிருக்கு, பூட்டும் விழுந்துருச்சு."

"அவர் என்னைப் பார்த்து அழுவாரே" என்று கேட்டேன். "அது எனக்காகங்களா, குடிக்காகங்களா?"

"கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாதும்மா. எனக்கும் தெரியலை."

அம்மாவுக்குத் திடீரென்று ஆவேசம் வந்தது. "சத்தியம் பொய்ச்சா புள்ள தலையில விழும்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே, ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்று கத்தினாள். யாரிடம் கத்துகிறாள் என்று அவளுக்கே தெரியாது. படித்த அந்த டாக்டரும் அதற்கு எந்த மறுப்பும் சொல்லவில்லை.

ஒரு வழி இருந்தது. பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, அப்பா என் தலையில் கை வைக்க வேண்டும், குடி மட்டும் வரக்கூடாது. இப்படியே நாள்கணக்கில். வண்டிச் சத்தம் வந்தும் பால் வரவில்லை என்றால் பூனை ஒரு நாள் எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கும். சேலத்திலேயே, காவலோடு, அவருடைய செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்கள். அம்மா சாவியைத் திருப்பினாள். அப்பா என்னைப் பார்த்தார், அப்படியே உடைந்து போனார். "கண்ணு, உன்னைய எங்க விட்டுட்டுப் போயிருந்தேன்?" என்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே பார்த்தேன், அவர் கால்விரல்கள் தரையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தன.

மூன்றாவது முறை அவர் காவலாளியைத் தள்ளிவிட்டுச் சுவரேறிக் குதித்துவிட்டார். வெறுங்காலோடு ஓடியிருக்கிறார். அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் ரத்த வாந்தி எடுத்துக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். கல்லீரல் ஏற்கெனவே இறுகிப்போயிருக்கிறது, இன்னொரு தடவை குடித்தால் ஆளைப் பார்க்க முடியாது என்றார் டாக்டர் ரெஹானா.

வார்டில் அப்பாவுக்கு நினைவு வந்ததும் அம்மா சாவியைக் கையில் எடுத்தாள். அவளால் திருப்ப முடியவில்லை. கை அப்படியே நின்றது.

"போடு சுகந்தி" என்றார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே. "புள்ளைக்கு அப்பன்னு ஒருத்தன் இருந்தாப் போதும்."

அம்மா திருப்பினாள். அவர் கண் என்மேலேயே இருந்தது. அது அணைவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்புறம் வருடங்கள் ஓடின. நான் பெரியவளானபோது சீர் செய்தார்கள், அவர் பந்தல்காரரோடு வெளியே நின்றார். கோயம்புத்தூரில் படிக்க வைத்தார். அங்கேயே ஒரு பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடங்களுக்கு முன் எனக்கும் நிர்மலுக்கும் கல்யாணம். எல்லோரும் மேடையேறித் தலையில் அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்தார்கள். அப்பா சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று அங்கிருந்தே ஒரு பிடி அட்சதையை வீசினார். அது போட்டோக்காரர் தலையில் விழுந்தது. கூட்டம் சிரித்தது, போட்டோவில் நானும் சிரிக்கிறேன். அன்று சாயங்காலம் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

"உங்கப்பா ஏன் இப்படி?" என்று நிர்மல் கேட்டதற்கு, "அவரைச் சொல்லிக் குத்தமில்லை, எல்லாம் அந்தப் பூட்டு" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அவராக இப்படி இருக்கவில்லை, ஒரு யந்திரம் அவரை இப்படி வைத்திருக்கிறது. அது எனக்கு ஒரு ஆறுதல்.

இந்த வருடம் அவருக்கு வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. பழைய கல்லீரல் சும்மா இருக்கவில்லை, அதில் கட்டி வந்து மற்ற இடங்களுக்கும் பரவியிருக்கலாம் என்றார்கள். கோயம்புத்தூருக்குக் கூட்டி வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். தலையில் கருவி இருப்பதால் முதலில் அதை நிறுத்த வேண்டும். ஸ்கேன் அறைப் பையன் ஒரு ரீடரை அப்பாவின் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தான்.

"மேடம், இதை ஆஃப் பண்ணவே வேண்டியதில்லைங்க. இது செத்து ரொம்ப நாளாச்சு."

"இருக்காதுங்க. ஓடிட்டுதான் இருக்கு. சாவி எங்கம்மாகிட்ட இருக்குது."

"கடைசியா ஓடின தேதி உள்ளயே பதிஞ்சிருக்குது, பாருங்க." ரீடரைத் திருப்பிக் காட்டினான். நான் பிளஸ் டூ படித்த வருடம்.

தள்ளுவண்டியில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கேட்டாரா, தூங்கினாரா தெரியவில்லை. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வெளியே வந்தேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தாலிக்கொடியில் சாவி தொங்கியது.

"அம்மா, அது எப்ப செத்துச்சு?"

எது என்று அவள் கேட்கவில்லை. சாவியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நீ பன்னெண்டாவது படிக்கிறப்ப. இதுல பச்ச லைட்டு ஒண்ணு எரியும். ஒரு நாள் நின்னு போச்சு. சேலத்துக்கு ஓடுனேன். அந்த ஆபீசையே மூடிட்டாங்க, டாக்டரம்மா எங்கயோ வெளிநாட்டுக்குப் போயிட்டாங்களாமா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்கப்பாகிட்டச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'கடையைப் பாத்தா எனக்கு ஒண்ணும் தோணறதில்ல சுகந்தி. பாட்டிலைப் பாத்தாலும் தோணறதில்ல. என்னைய இழுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதைத் தொடாம இருந்துக்கறேன். புள்ளைக்கு மட்டும் சொல்லிராத'ன்னு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணத்தில் அட்சதை வீசியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவரைத் தடுத்து நிறுத்த எந்தக் கடுகும் உள்ளே ஓடவில்லை. தவிப்பும் இருந்திருக்கும், பிரியமும் இருந்திருக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றிருக்கிறார். செத்துப்போன ஒரு யந்திரத்தை வெறுத்துக்கொண்டு நான் மேடையில் சிரித்திருக்கிறேன்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"ஓடி வந்து அவர் மடியில விழுந்திருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள் அம்மா.

ரிசல்ட் வந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்தெல்லாம் வலிக்குத்தான், கட்டிக்கு இல்லை என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கில் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் அதைச் சொன்ன அந்த இடத்திலேயே என் மனம் ஒரு கணக்குப் போட்டது. அப்படிப்பட்ட கணக்கைப் போட்ட மகள் வேறு யாராவது இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அந்த மொட்டைத் தலையை அவர் மூளை மறந்திருக்கும். என் மொட்டைக்கு ஆயுள் ஒரு மாதம்.

மருத்துவமனைக்கு எதிரிலேயே ஒரு சலூன் இருந்தது. போய் நாற்காலியில் உட்கார்ந்து சடையைப் பிரித்தேன். கடைக்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க."

"கோயில்லயே எறக்கியிருக்கலாமேங்க."

"அதுக்கு நேரமில்லைங்க" என்றேன். இந்த முறை வேண்டுதலும் என்னுடையது.

வார்டுக்குள் என்னைப் பார்த்ததும் அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பாவி, அவர் உசுரோட இருக்கறப்பவே மொட்டையடிச்சுட்டு வந்து நிக்கறயே! இந்தக் கோலத்த நான் எங்க போய்ச் சொல்லுவேன்!" நர்ஸ் ஓடிவந்து அவளை வெளியே கூட்டிப் போனாள். சத்தத்தில் அப்பா கண்ணைத் திறந்தார்.

வெகுநேரம் பார்த்தார். மஞ்சள் பாய்ந்த கண்கள். உதடு மெல்ல விரிந்தது.

"யாரு... இந்தச் சாமி?"

ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கினார். அது பழக்கப்படி பாதியில் நின்றது. அத்தனை வருடமும் அவர் அந்தக் கையை அந்த இடத்தில்தான் நிறுத்தி வைத்திருந்தார் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் குனிந்து என் தலையை அவர் உள்ளங்கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன்.

கை கொதித்தது. விரல்கள் மெதுவாகத் தலை முழுக்க நகர்ந்தன. "கண்ணு" என்றார். எத்தனையோ வருடமாக உள்ளே கிடந்த சொல். சொன்னதும் அவருக்கு மூச்சு வாங்கியது.

அப்போதும் நான் அவர் கால்களைத்தான் பார்த்தேன். போர்வைக்குள் அவை அசையாமல் கிடந்தன. ஆனாலும் கட்டிலுக்கடியில் அம்மா வைத்திருந்த செருப்பை என் காலால் உள்ளே, சுவர் வரைக்கும் தள்ளிவிட்டேன்.

அவர் அதைக் கவனித்துவிட்டார். லேசாகச் சிரித்தார்.

"பயப்படாத கண்ணு" என்றார். "முடி வளர்றதுக்குள்ள போயிருவேன்."